பைச்சாமி தாண்டிப் போன வாசல்

என் தாய்மாமன் பிச்சையெடுத்து வாழ்ந்தார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நான் இதை அப்படியே சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் மடத்துத் துறவி என்று தெரிந்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, "அவரா? எங்க வீட்டுக்கும் வருவாரே" என்பார்கள்.

எல்லார் வீட்டுக்கும் வருவார். அதுதான் அவர் வேலை.

மடம் ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்த துறவிகளின் சபைக்கு நிலம் கிடையாது, கடை கிடையாது, வாடகைக்கு விட்ட கட்டடம் கிடையாது. ஊர் அன்றன்று போடுவதை அன்றன்று சாப்பிட வேண்டும். மிஞ்சியதை மத்தியானம் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கென்று ஒரு ரொட்டித் துண்டை எடுத்து ஒளித்தாலும் அது கடவுளைச் சந்தேகப்பட்டதாகும் என்று சபையை நிறுவியவர் சொல்லியிருந்தாராம். மடத்துக்குள் படித்த ஃபாதர்கள் இருந்தார்கள். பிரசங்கம் செய்தார்கள், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வருகிறவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள், சாகக் கிடப்பவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபித்தார்கள். மாமா ஃபாதர் இல்லை, வெறும் பிரதர். தானிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு நேராக மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். படிப்பு ஏறவில்லை. ஜெபப் புத்தகத்தையே வரிக்கு வரி விரல் வைத்துத்தான் வாசிப்பார். அப்போதிருந்த பெரிய ஃபாதர் அவர் தோளைப் பார்த்துவிட்டுப் பையைக் கையில் கொடுத்தார்.

"மூட்டை தூக்கப் பிடிக்கலன்னு சாமியாரா போனவரு, அங்கயும் போய் மூட்டைதான் தூக்குறாரு" என்று அம்மா சொல்வாள். அண்ணனைப் பற்றி அம்மா சொல்லும் ஒரே நக்கல் அது. வேறு யாராவது அதையே சொன்னால் சண்டைக்குப் போவாள்.

அந்தப் பையைத் தைத்ததே அம்மாதான். முரட்டுக் கித்தானில், தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளும்படி நீளமாக, முன்பக்கம் ஒரு பை, பின்பக்கம் ஒரு பை. முன்னால் ரொட்டி, முட்டை. பின்னால் உருளைக்கிழங்கு, வெங்காயம், மாவு. கையில் எண்ணெய்க்கு ஒரு டப்பா. பை கிழியும் இடமெல்லாம் அம்மா ஒட்டுப் போட்டுப் போட்டு, கடைசியில் பழைய கித்தான் எது, ஒட்டு எது என்று தெரியாமல் போய்விட்டது. தெருப் பிள்ளைகள் அவரைப் பைச்சாமி என்று கூப்பிட்டார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், அவர் முதுகுக்குப் பின்னால்.

பையைத் தூக்குவதற்கு ஒழுங்கு இருந்தது. எந்த வாசலையும் தாண்டிப் போகக் கூடாது. பணக்காரன், ஏழை, சாமி கும்பிடுகிறவன், கும்பிடாதவன் என்று பார்க்காமல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இன்னது வேண்டும் என்று கேட்கக் கூடாது, கொடுப்பது எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஒரு குடிகாரர் ஒற்றைச் செருப்பைப் பையில் போட்டார். மாமா "வீடு நிறையட்டும்" என்று வழக்கம்போல வாழ்த்திவிட்டு நகர்ந்தார். அடுத்த வாரம் அதே ஆள் தலையைச் சொறிந்துகொண்டே மற்றச் செருப்பையும் கொண்டுவந்து போட்டார்.

இவை எல்லாவற்றையும்விட மாமா பெரிதாக நினைத்த ஒழுங்கு ஒன்று இருந்தது. பையைச் சுமப்பவர் பைக்குள் கை விடக் கூடாது. போடுவது கொடுப்பவர் கை, எடுப்பது மடத்துச் சமையல்காரர் கை. நடுவில் அவர் தோள் மட்டும்தான். பசித்தாலும், மழையில் மாவு நனைந்தாலும், உள்ளே முட்டை உடைந்து முழங்கால் வரை ஒழுகினாலும் அவர் கை உள்ளே போகாது.

எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமை வருவார். வாசல்படி ஏற மாட்டார். அம்மா தெருவுக்குக் கேட்கும்படி அவரைப் பிரதர் என்றும், பையில் ரொட்டியைப் போடக் குனியும்போது அண்ணே என்றும் கூப்பிடுவாள்.

"கால் இப்படி வெடிச்சிருக்கே அண்ணே. கொஞ்சம் எண்ணெய் தடவிக்கக் கூடாதா? கையிலதான் டப்பா நிறைய வெச்சிருக்கீங்களே."

"அது என் எண்ணெய் இல்லம்மா."

"அப்ப கால் மட்டும் யாருதாம்?"

அவர் சிரித்துவிட்டு, "வீடு நிறையட்டும்" என்று அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

வீடு நிறையவில்லை. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். அவர் இறந்த பிறகு அம்மாவின் தையல் மிஷின்தான் குடும்பத்தை ஓட்டியது. ஜன்னலோரம் போட்டிருந்த அந்த மிஷினுக்கு முதலில் நல்ல வேலை இருந்தது. பிறகு மெயின் ரோட்டில் ரெடிமேட் கடை வந்தது. புதுத் துணி கொண்டுவருகிறவர்கள் குறைந்து, ஜிப் மாற்றவும் ஓரம் மடித்துத் தைக்கவும் வருகிறவர்கள் மிஞ்சினார்கள். வாடகை பாக்கி விழுந்தது. காலையில் டீ, மத்தியானம் எதுவும் இல்லை, சாயங்காலம் ஒரு ரொட்டியில் ஆளுக்குப் பாதி என்று எங்கள் சாப்பாடு சுருங்கியது. அம்மா அதை வெளியே தெரியவிடவில்லை. தையல்காரி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் அவளை நம்பி யார் துணி கொடுப்பார்கள்? கொடுத்த துணியை விற்றுச் சாப்பிட்டுவிடுவாள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் மத்தியான நேரத்தில் அம்மா பாத்திரங்களை வெறுமனே உருட்டுவாள்.

எங்களுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. தெருமுனை ரொட்டிக்கடைக்காரரின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் துணி தைக்கும் வேலையை அம்மாவுக்கே தருவதாகப் பெண்ணின் அம்மாவான ரொட்டிக்கடை அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அளவுகூட எடுத்தாயிற்று. துணி வரவேண்டியதுதான் பாக்கி. அந்த வேலை கைக்கு வந்தால் வாடகையை அடைத்துவிடலாம், இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம். வீட்டுக்காரரும் அதைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, கல்யாணம் வரைக்கும் பொறுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் ரொட்டி. மறுபாதி காகிதத்தில் மடித்து மாமாவின் பைக்குப் போகும். வேண்டாம் என்று சொல்லும் பேச்சே இல்லை. கொடுக்காமலிருந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். அண்ணன் வெறும் கையோடு என் வாசலைவிட்டுப் போகக் கூடாது என்பது அம்மா சொன்ன காரணம்.

மாமாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் அவரே எனக்குச் சொன்னார். அவருக்கு வீடுகளை வாசனையால் தெரியும். வாசலில் நிற்கும்போது உள்ளே வெங்காயம் வதங்குகிறதா, பால் பொங்குகிறதா, ஏதாவது தீய்கிறதா என்று மூக்குக்கு வந்துவிடும். எங்கள் வாசலில் பல வாரங்களாக ஒரு வாசனையும் இல்லை, மிஷின் எண்ணெய் வாசனையைத் தவிர. ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. சாரல் அடிக்கிறது என்று அம்மா கதவை அகலத் திறந்து, "ஓரமா நில்லுங்க அண்ணே" என்றாள். அவளுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. இரண்டு தட்டு. நடுவில் பாதி ரொட்டி. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். அந்தப் பாதியும் அம்மா கையிலிருந்த பாதியும் ஒரே ரொட்டியின் இரண்டு பக்கம் என்பது வெட்டிய வாகிலேயே தெரிந்தது. அம்மா அதைப் பையில் போட்டாள். அவர் "வீடு நிறையட்டும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டார்.

பெரிய ஃபாதரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்கையின் வறுமையை நாலு பேருக்குச் சொன்னதாகும் என்று நினைத்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்று மறுக்கவும் கூடாது. அவரிடம் மிஞ்சியது கால்கள் மட்டும்தான்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா காகிதப் பொட்டலத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். இடப்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "வீடு நிறையட்டும்" கேட்டது. பிறகு செருப்பில்லாத கால்கள் எங்கள் ஜன்னலைக் கடந்து போயின. பிறகு வலப்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மறந்துட்டாரு" என்றாள் அம்மா.

மாடி வீட்டு அத்தை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குத் தப்பி அந்தத் தெருவில் ஒரு பூனை குட்டி போட முடியாது.

"என்னடி இது, உங்கண்ணன் உன் வாசலத் தாண்டிப் போறாரு?"

"வயசாயிடுச்சில்ல அக்கா. எங்க நின்னோம், எங்க விட்டோம்னு ஞாபகம் இருக்காது."

"என் வீட்டு மாடிப்படி ஏற ஞாபகம் இருந்துச்சே. உன் வீடு தரையோட தரையா இருக்கு, அது தெரியலையா?"

அம்மா உள்ளே வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். அன்றைக்கு ஆளுக்குப் பாதி ரொட்டி கிடைத்தது. அம்மா தன் பாதியைத் தொடவில்லை.

அதற்கடுத்த வாரமும் கால்கள் ஜன்னலைக் கடந்து போயின. இந்த முறை மறந்துவிட்டார் என்று அம்மா சொல்லவில்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு தானிய வியாபாரி இருந்தார். கள்ள எடைக்கல் வைத்து விதவைகளையும் கூலிக்காரர்களையும் ஏமாற்றிக்கொண்டிருந்தார். அப்போதைய பெரிய ஃபாதர் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. "இனிமே அந்த வீட்டுல பிச்சை வாங்காதே" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா அந்த வாசலைத் தாண்டி நடந்தார். மேடையேறி யாரும் பேசவில்லை, போலீஸ் வரவில்லை. பிச்சைக்காரன்கூட அவன் கைச் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறான் என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்? ஊர் அவர் கடையைத் தொடவில்லை. அவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போனார். அன்றிலிருந்து தெருவுக்கு ஒன்று தெரியும். பைச்சாமி ஒரு வாசலைத் தாண்டினால் அந்த வீட்டில் பாவம் இருக்கிறது.

தெருவில் எல்லாருக்கும் தெரிந்த இது, அந்த வாசலைத் தாண்டி நடந்த மாமாவுக்கு மட்டும் தோன்றவில்லை. அது பெரிய ஃபாதரின் கட்டளை, தான் நடந்தது மட்டும்தான் என்று அவர் அந்தக் கதையையே மறந்திருந்தார். தன் கால்களுக்கு இவ்வளவு பெரிய வாய் இருக்கிறதென்று அவர் நினைத்ததே இல்லை.

முதலில் ஒரு டீச்சர் வந்தார். கொடுத்திருந்த, அம்மா ஓரம் வெட்டி வைத்திருந்த நீலத் திரைத்துணியைத் திருப்பிக் கேட்டார். "அவசரம் ஒண்ணுமில்ல, ஆனா வீட்டுல ஒருத்தங்க தெச்சுத் தரேன்னாங்க." துணியை வாங்கிக்கொண்டு அங்கேயே முழம் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு ஜிப், ஒரு பாவாடை, ஒரு கோட்டு என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயிற்று. அளந்து பார்க்காமல் யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. தையல்காரி துணியில் கை வைக்கிறாளாம், அதுதான் விஷயமாம் என்று மாடி வீட்டு அத்தையே எங்களிடம் வந்து, யாரோ சொன்னதாகச் சொன்னாள்.

ரொட்டிக்கடை அக்கா மாமாவுக்கு எப்போதும் முதல் சூட்டு ரொட்டியைப் போடுகிறவர். அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"பை தாங்காதும்மா" என்றாராம் மாமா.

"வாங்கிக்கங்க பிரதர். நீங்க எங்களுக்குப் பண்ணின உபகாரத்துக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"சொந்தத் தங்கச்சின்னுகூடப் பாக்காம காட்டிக் குடுத்தீங்களே. கல்யாணத் துணி முழுக்க அவகிட்ட குடுக்க இருந்தேன். நல்லவேளை, நேத்துத்தான் வேற டெய்லர்கிட்ட பேசி முடிச்சோம்."

மாமா அவசரமாக, "அந்த வீட்டுல ஒரு தப்பும் இல்லம்மா. நான் சும்மாதான் தாண்டிப் போனேன்" என்றார்.

"சும்மா யாராவது தாண்டுவாங்களா?"

அங்கே அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி. அவங்க சாப்பாட்டுக்கே இல்லாம இருக்காங்க. அதைத்தான் அம்மா பாத்திரம் உருட்டி மறைத்துக்கொண்டிருந்தாள். அவர் "அவ நல்லவம்மா" என்று மட்டும் சொன்னார்.

ரொட்டிக்கடை அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க வாய் சொல்றது பாசம் பிரதர். உங்க கால் சொன்னதுதான் நிஜம். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர் மடத்துக்குத் திரும்பிப் பெரிய ஃபாதரின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேட்டுல குடுக்கிறதுல ஒரு பங்கை யாருக்கும் தெரியாம அனுப்பியிருப்பேனே" என்றார் பெரிய ஃபாதர்.

"வாங்கியிருக்க மாட்டா ஃபாதர்."

"அப்போ நீ மட்டும் அவகிட்ட வாங்காம இருந்தது என்ன நியாயம்?"

பெரிய ஃபாதர் அடுத்த வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் அந்தக் கதவைத் தட்டச் சொன்னார். காலால் கெட்டதைக் காலாலேயே சரிசெய்யப் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

அந்த வியாழக்கிழமை தெருவே வாசலுக்கு வந்திருந்தது. யாருக்கும் வெளியே அவசர வேலை ஒன்றும் இல்லை. மாமா இடப்பக்கத்து வீட்டை முடித்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். பலமாகத் தட்டினார்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு ரொட்டி இல்லை. பாதி இல்லை, கால் இல்லை, ஒன்றுமே இல்லை. முந்தின நாள் சாயங்காலமும் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மிஷினுக்குக் கீழேயிருந்த கூடையை இழுத்தாள். அதில் வெட்டிய துணிகளின் மிச்சம் கிடந்தது. தைக்கிறவர்கள் வீட்டில் எல்லாம் கிடப்பதுதான். கழுத்து வெட்டியதில் விழுந்த பிறைத் துண்டு, ஓரத்தில் விழுந்த நாடா, யாரும் திருப்பிக் கேட்காத விரல்கடைத் துண்டுகள். அவற்றில் நல்லதாகப் பார்த்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பாதி ரொட்டி அளவுக்கு உருட்டி, காகிதத்தில் சுற்றினாள். ஊசி போட்டுத் தைப்பதுபோல அவ்வளவு நேர்த்தியாகக் காகிதத்தின் முனைகளை மடித்தாள். கதவைத் திறந்தாள்.

"வாங்க பிரதர்" என்றாள், தெருவுக்குக் கேட்கும்படி.

பொட்டலத்தை இரண்டு கையாலும் பைக்குள் வைத்தாள். மாமா ஆயிரம் ஆயிரம் ரொட்டியைத் தோளில் சுமந்தவர். அது பைக்குள் விழுந்தவுடனே, அது ரொட்டி இல்லை என்று அவர் தோளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"வீடு நிறையட்டும்" என்றார். இந்த முறை சொல்ல முடிந்தது.

மாடியிலிருந்து அத்தை, "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. "ரொட்டிக்கடை அக்கா பாத்தாங்களா?" என்று கேட்டாள். பார்த்தார்கள் என்றேன். "அப்ப ஒருவேளை மனசு மாறுவாங்க" என்றாள்.

எங்கள் தெருவிலிருந்து மடத்துக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதன் பாலத்துக்கு வந்ததும் மாமா நின்றாராம். சுற்றிலும் யாரும் இல்லை. பைக்குள் கை விட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்து வாய்க்காலில் போட்டுவிட்டால் முடிந்தது. கை முன்பையின் வாய்வரை போனது. அம்மா போட்ட ஒட்டுத் தையல் விரலில் பட்டது. அங்கேயே வெகுநேரம் நின்றார்.

"ஒரு தடவை ஒழுங்கை மீறினேன், அவ பொழப்பு போச்சு. இன்னொரு தடவை மீறினா இன்னும் என்ன போகுமோன்னு பயமா இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார்.

கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மடத்தில் பையைச் சமையல்கட்டு முற்றத்தில் வைத்துத்தான் காலி செய்வார்கள். கேட்டில் காத்திருப்பவர்கள் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சமையல்காரர் நல்ல மனுஷர்தான். பேசாமல் வேலை செய்ய மட்டும் அவரால் முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது என்ன பிரதர்? ரொட்டிக்குச் சட்டை தெச்சுக் குடுத்துட்டாங்களா? ரொட்டிய எங்க காணோம்?"

கேட்டில் சிரிப்பு எழுந்தது. சமையல்காரர் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். நீலம், கோடு போட்டது, பூப்போட்டது. கேட்டில் நின்றவர்களில் ரொட்டிக்கடையில் பெருக்குகிற பெண் ஒருத்தி இருந்தாள். "அந்த நீலம் டீச்சரம்மா வீட்டுத் திரைத்துணி ஆச்சே" என்றாள்.

போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் கதை முழுசாகிவிட்டது. தையல்காரி எல்லார் துணியிலும் வெட்டி எடுத்திருக்கிறாள், திருட்டுத் துணியை மடத்துக்கே பிச்சையாகப் போட்டிருக்கிறாள், அதனால்தான் அந்தப் புண்ணியவான் முதலிலேயே தாண்டிப் போனார். மாடி வீட்டு அத்தை எங்கள் பக்கம் பேசிப் பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். "மிச்சத்துணி இல்லாத டெய்லர் வீடு எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். அவளே மறுநாள் தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் வந்தார். சத்தம் போடவில்லை. "கல்யாண வேலைதான் இல்லைன்னு ஆயிடுச்சேம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஊரின் இன்னொரு பக்கத்தில், ஆயத்த ஆடை ஃபேக்டரிக்குப் பின்னால் ஒற்றை அறைக்குப் போனோம். ஃபேக்டரி வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா நாள் முழுக்கச் சட்டைக் காலர் மட்டும் தைத்தாள். யாருடைய சட்டை என்று தெரியாத காலர்கள். மிச்சத்துணியைப் பொறுக்கி மூட்டைகட்டி ஃபேக்டரிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு நூல் துண்டுகூட அறையில் கிடக்கவிடமாட்டாள்.

மாமாவைப் பை சுமக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவரே கேட்டுக்கொண்டாராம். சபையின் வேறொரு மடத்துக்கு, பஸ்ஸில் அரை நாள் தூரத்துக்கு அனுப்பினார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருபக்கத் தோள் தாழ்ந்து, பை இல்லாமலே பையைச் சுமப்பவர்போல இருந்தார். நான் இங்கே எழுதியிருப்பதில் பாதியை அன்றைக்குத்தான் சொன்னார். ஒரே மூச்சில், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. புறப்படும்போது, "அம்மா இப்போ மத்தியானம் சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

"சாப்பிடறாங்க மாமா" என்றேன்.

என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. நானும் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தில் நின்றதைச் சொன்னேன். கை பையின் வாய்வரை போனதைச் சொன்னேன். அம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒல்லியாயிட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அடுத்த காலரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.

இந்தத் தெருவுக்கும் மடத்திலிருந்து ஒருவர் வருகிறார். புது பிரதர், இளவயது. தோளில் புதுப் பை, கடையில் வாங்கியது. எந்த வாசலையும் தாண்டாமல் வரிசையாகத் தட்டிக்கொண்டு வருவார். பக்கத்து அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டவுடன் அம்மா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். அறையில் சத்தம் நின்றுபோகும். மேசைமேல் ரொட்டி இருக்கும் நாட்களிலும் அப்படித்தான். எங்கள் கதவைத் தட்டுவார். நாங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம். அவர் இன்னொரு முறை தட்டுவார், கொஞ்சம் காத்திருப்பார், சாத்திய கதவைப் பார்த்தே "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்வார். அவர் கால்கள் அடுத்த வாசலில் நிற்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா மிதியை மறுபடி மிதிப்பாள்.